கோயில் ஏத்தத்தில் என் இடது கால்

நல்ல வண்டி ஒன்றைக் கெட்ட வண்டி என்று சொன்னேன். தெரிந்தே சொன்னேன். வெறும் வாயால் சொன்னதோடு நிற்கவில்லை... அது கெட்ட வண்டிதான் என்று ஐந்து பேரை நம்பவும் வைத்தேன்!

அந்த ஐந்து பேரில் ஒருவன் என் அண்ணன்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன்: இதை நான் அழுதுகொண்டு எழுதவில்லை. அந்தப் பொய்யால் எனக்குக் கிடைத்தது என் வாழ்வின் மிகப் பெரிய சந்தோஷம். கிடைத்த விதத்தைத்தான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒழுங்காகச் சொல்கிறேன். எனக்கு எதையும் வரிசைப்படுத்தித்தான் சொல்ல வரும்.

முதலில், நான் யார் என்பது. பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளில் இயந்திரப் பராமரிப்பு என் வேலை. கொழுந்து உருட்டும் இயந்திரம் திடீரென்று நின்றால், உலர்த்தியில் சூடு ஏறாவிட்டால், என்னைத்தான் அழைப்பார்கள். தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் படித்தேன். எங்கள் தோட்டத்திலிருந்து அதைப் படித்த முதல் பெண் நான். அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்தது அண்ணன் சேகரின் ஆட்டோ.

தோட்டத்தில் யார் மோட்டார் சைக்கிள் வாங்கினாலும், வேன் வாங்கினாலும், “பவானி பாத்துருச்சா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் சரி என்றால் சரி. வேண்டாம் என்றால் வேண்டாம். அதற்கு மேல் பேச்சில்லை.

இரண்டாவது, கோயில் ஏத்தம். எங்கள் பக்கத்தில் யாரும் சமதரையில் ஓட்டிப் பார்த்து வண்டி வாங்கமாட்டார்கள். சமதரை எங்கே இருக்கிறது! முருகன் கோயிலுக்குப் போகும் செங்குத்தான பாதை ஒன்று உண்டு. வண்டி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு, நடுவில் எங்கும் நிற்காமல், அதில் ஏற வேண்டும். மேலே போனதும் எல்லோரும் இறங்கி வண்டியைச் சுற்றி வந்து முகர்ந்து பார்ப்பார்கள். கருகிய மணம் இல்லாவிட்டால் வண்டி தேறிவிட்டது. சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு விலை பேச ஆரம்பிப்பார்கள்.

மூன்றாவது, வெள்ளைக் கார். ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் ரவூப் நானாவுடையது; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். நான்கு கதவு, கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஓட்டோ கியர், பெற்றோல் அதிகம் குடிக்காது. அண்ணனின் திட்டம் இதுதான்: ஆட்டோவை விற்றுவிட்டு, அதோடு என் சேமிப்பையும் சேர்த்து, அதை வாங்குவது. காலையில் என்னைத் தொழிற்சாலையில் இறக்கிவிடுவான். கிளினிக் நாளில் அம்மாவை ஏற்றிப்போவான். மற்ற நேரமெல்லாம் ஹட்டன் ஸ்டாண்டிலிருந்து ஹயர். ஆட்டோவில் மழைச்சாரல் அடித்து அடித்து அவனுக்கு எப்போதும் இருமல். அது நின்றுவிடும்.

மூவரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு அது. நானும் சம்மதித்திருந்தேன். அதில் குறை ஏதும் இருந்ததா? இன்றும் யோசித்துப் பார்க்கிறேன்... ஒரு குறையும் இல்லை!

பிறகு அந்த நீல வண்டியைப் பார்த்தேன்.

இயந்திரத்துக்கு ஒரு பேரிங் வாங்க நுவரெலியாவுக்குப் போயிருந்தேன். கடைக்காரரின் வீட்டு கராஜில், சாக்குகளுக்கும் உருளைக்கிழங்குப் பெட்டிகளுக்கும் நடுவில் அது நின்றது. இரண்டே இருக்கை. கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். முன்விளக்குகள் உடம்புக்குள் படுத்திருக்கும். சுவிட்சைத் தட்டினால் எழுந்து விழிக்கும். பழைய ஜப்பான் வண்டி. கிட்டத்தட்ட என் வயது. மகன் வெளிநாட்டில் தங்கிவிட்டதால் விற்கப் போவதாகச் சொன்ன கடைக்காரர், “ஓட்டிப் பாருங்க மிஸ், ஓடாம கெடந்து துரு புடிக்குது” என்று சாவியை நீட்டினார்.

நானுஓயாப் பாதையில் இறக்கினேன்.

எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த எந்த வண்டியும் சும்மா ஓடியதில்லை. கொழுந்து ஏற்றிய லொறி, ஆள் அடைத்த பஸ், ஹயர் ஓடிய ஆட்டோ. எதையாவது சுமந்தால்தான் அது வண்டி. இது எதையும் சுமக்கவில்லை! என்னை மட்டும் வைத்துக்கொண்டு ஓடியது. வளைவுகளில் நான் பார்த்த பக்கம் திரும்பியது. கியர் மாற்றும்போது உள்ளங்கையில் ஒரு சின்ன உதறல்... தேயிலை மலை இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டது. நான் சத்தமாகச் சிரித்தேன். தனியாக இருக்கும்போது சிரிக்கும் பழக்கம் எனக்கு இருந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து இரண்டையும் மனதில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். வேலை நாள் கார். வாரக்கடைசி கார். ஒரு பக்கம் அம்மாவின் கிளினிக், அண்ணனின் தொழில், அவன் இருமல், என் பஸ் நெரிசல், நான்கு கதவு. மறுபக்கம் நான் மட்டும்.

என் சேமிப்பு ஒன்றுக்குத்தான் போதும்.

‘வீட்டில் மனம்விட்டுக் கேட்டிருக்கலாமே’ என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்டிருக்கலாம். அண்ணன் சரி என்றிருப்பான்! அதுதான் என்னால் தாங்க முடியாதது. சரி என்று சொல்லிவிட்டு, ஆட்டோவைத் துடைத்து எடுத்துக்கொண்டு மறுபடி ஸ்டாண்டுக்குப் போவான். அவன் விட்டுக்கொடுத்த வண்டியை அவன் கண்முன்னால் நான் ஓட்டித் திரிய வேண்டும். அவன் கையால் வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கே தெரியாமல் எடுத்துக்கொள்ள மனம் வந்தது.

இப்படியும் ஒரு நாணம் உண்டா? எனக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் காரைக் கோயில் ஏத்தத்துக்குக் கொண்டுபோனோம். நான் ஓட்டினேன். பக்கத்தில் அண்ணன். பின்னால் அம்மாவும், பக்கத்து வீட்டு ராமாயி அக்காவும், அவருடைய புருஷனும். ரவூப் நானா தன் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தார்.

“என்னய விட நல்ல லோட்டு இந்தத் தோட்டத்துலயே கெடைக்காது” என்று சொல்லிக்கொண்டே ராமாயி அக்கா ஏறினார். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

“இவ ஒருத்தி போதும். நான் எறங்கி நடந்து வாறேன்” என்றார் புருஷன்.

“ஏறுய்யா பேசாம! ஓசில கார்ல போற நாளு இனி எப்ப வரும்?”

முதல் வளைவை வண்டி அலட்டிக்கொள்ளாமல் ஏறியது. இழுவை சுத்தம். ஒரு சத்தம் இல்லை, ஓர் அதிர்வு இல்லை. ஐயோ, எவ்வளவு நல்ல வண்டி என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அண்ணன் பின்னால் திரும்பி, “யம்மா, இனிமே நனையாம போலாம்மா” என்றான்.

அப்போதுதான், அந்த வண்டியில் வேலையே இல்லாத என் இடது காலைப் பிரேக்கில் வைத்தேன்.

யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்பக்கூடும். அதுவும் பொய்யாகிவிடும். முதல் நாளே யோசித்து வைத்திருந்தேன். எவ்வளவு அழுத்தினால் வண்டி திணறும், எவ்வளவு அழுத்தினால் குட்டு வெளிப்படும், சூடேறி மணம் வர எத்தனை வளைவு தேவை... எல்லாம் கணக்கு! மழைக்கோட்டின் விளிம்பு காலை மறைத்திருந்தது. வண்டி முனகியது. வேகம் செத்தது. ராமாயி அக்கா, “நான் எறங்கிறட்டா புள்ள?” என்று பதறினார். நான் முகத்தை இறுக்கிக்கொண்டு ஓட்டினேன்.

மேலே போய் நின்றபோது கருகிய மணம் மூக்கில் ஏறியது.

“என்னா புள்ள இது?” என்றான் அண்ணன்.

“கியர்பொக்ஸ் போகுதுண்ணே. வெளிய தெரியாது. நம்ம மலைக்கு ஒரு வருசம் தாங்காது.”

யாரும் மறுத்துப் பேசவில்லை. ஏன் பேசுவார்கள்? சொன்னது பவானி!

நானா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மெல்ல வந்தார். “மகள், நீங்க ஏறக்குள்ள பொறகால செவப்பு லைட்டு பத்திக்கிட்டே ஈந்திச்சி. ஏன்?”

அதை மறந்திருந்தேன். எல்லாவற்றையும் யோசித்தவள், பிரேக்கை மிதித்தால் பின்னால் விளக்கு எரியும் என்பதை மறந்துவிட்டேன்! மூடுபனியில் அந்த மனிதர் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டேதான் மலை ஏறி வந்திருக்கிறார். இப்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் தானாகத் திறந்தது.

“பிரேக் சுவிட்சும் கோளாறு நானா. அதையும் மாத்தணும்.”

“அல்லாஹ்வே... எனக்கு இது ஒண்டும் தெரியா மகள். நல்ல வேள நீங்க பாத்தீங்க” என்றார்.

நன்றாக இருந்த சுவிட்சைக் கழற்றிப் புதிதாக ஒன்று போட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். வண்டியில் கோளாறு என்று நான் சொன்ன செய்தி அவருக்கு முன்னால் கடைத்தெருவுக்குப் போய்விட்டது. கடைசியில் குறைந்த விலைக்கு ஹட்டன் ஸ்டாண்டில் ஹயர் ஓடும் குமார் என்பவருக்குக் கொடுத்தார்.

அன்று இறங்கி வரும்போது அண்ணன் என் தலையில் கைவைத்து, “காப்பாத்திட்ட புள்ள” என்றான்.

அந்தக் கை அங்கேயே இருக்கிறது.

சில வாரங்கள் கழித்து நீல வண்டியைக் கொண்டுவந்தேன். “பழசுதான்ணே, சரிபண்ணி நல்ல விலைக்குத் தள்ளிறலாம்” என்றேன். விற்கவில்லை. விற்கவும் மாட்டேன்.

புது வண்டி வந்தால் தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரு ரவுண்டு தர வேண்டும் என்பது எழுதாத சட்டம். இரண்டு இருக்கை வண்டியில் ஒருவர் ஒருவராகத்தானே ஏற்ற முடியும்? சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதிலிருந்து இருட்டும் வரை ஓட்டினேன். பிள்ளைகள் முன்விளக்கை எழுப்பச் சொல்லிக் கத்தினார்கள். எழுப்பினால் ஓவென்று ஓடினார்கள். படுக்கவைத்தால் திரும்பி வந்தார்கள். ராமாயி அக்கா ஏறி உட்கார்ந்து, இறங்க முடியாமல், இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்க, “காரா இது? கொழுந்துக்கூடைக்குள்ள விழுந்த மாதிரில்ல இருக்கு!” என்றார். ஊரே சிரித்தது. அப்படி ஒரு நாள்!

கோயிலுக்குப் புறப்பட்டபோது அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருடம் மழையிலும் வெயிலிலும் கொழுந்து பறித்த கையால் கதவைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதுல ஒங்கண்ணன் எங்கடி உக்காருவான்?”

“நான் ஆட்டோல பின்னாடி வாறேம்மா” என்றான் அண்ணன், சிரித்துக்கொண்டே.

அப்படியேதான் போனோம். முன்னால் நானும் அம்மாவும். பின்னால் அவன்.

வார நாட்களில் இன்றும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். நனைகிறேன். அது எனக்குப் போதிய தண்டனை என்று சொல்லி உங்களை ஏமாற்றமாட்டேன். பஸ்ஸில் தொங்கும்போதும் அடுத்த வளைவை எந்தக் கியரில் எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் போகிறேன்! இந்த மலையின் வளைவுகளை நான் பிறந்ததிலிருந்து பஸ் ஜன்னலில் படித்திருக்கிறேன். எந்த மூலையில் ஊற்றுத் தண்ணீர் தார் மேல் ஓடும், எந்த இடத்தில் பனி இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

அதனால்தான் மலையேற்றக் கார்ப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். நுவரெலியாவுக்கு அப்பால் ஒரு தோட்டப் பாதையை மூடி நடத்தினார்கள். கொழும்பிலிருந்து பெரிய பெரிய வண்டிகள் லொறிகளில் வந்திறங்கின. நாங்கள் ஓட்டிக்கொண்டே போனோம். இந்த முறை அண்ணன் என் பக்கத்தில். மடியில் ஜாக்கும் ஸ்பேனர் பெட்டியும்.

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பையன் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அண்ணனிடம், “நீங்களா ஓடுறது?” என்றான்.

“நான் டயர் தொடைக்கிறவன். ஓட்டுறது அந்தா, தலை பின்னிக்கிட்டு நிக்கிது பாருங்க.”

பையன் சிரித்தான். நான் பின்னலை முடித்துவிட்டு ஹெல்மட்டை மாட்டினேன்.

தொடக்கக் கோட்டில் கொடி பிடித்த சிங்களப் பெரியவர் குனிந்து, “நங்கி, லேஸ்தித?” என்றார். தங்கச்சி, தயாரா என்று கேட்டார்.

“லேஸ்தி!”

அதற்குப் பிறகு நடந்ததை எழுத்தில் கொண்டுவர முடியுமா... முயல்கிறேன். முதல் வளைவில் பின்சக்கரம் லேசாக வழுக்கியது, விட்டுப் பிடித்தேன். இரண்டாவது வளைவில் பனி. எல்லோரும் அக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தூக்கிய இடம் அது என்று பிறகு சொன்னார்கள். பனிக்குப் பின்னால் பாதை எப்படித் திரும்பும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பாதைகள் எல்லாம் ஒரே கையால் வெட்டியவை. நான் தூக்கவில்லை! தேயிலைச் செடிகள் பச்சைக் கோடாக நீண்டன. இயந்திரம் அதன் உச்சக் குரலில் கத்தியது. நானும் கத்தினேன். கத்திக்கொண்டேதான் மேலே கொடியைத் தாண்டினேன்.

என் பிரிவில் முதலிடம். இரண்டு மடங்கு பலமான வண்டிகள் சிலவும் என் நேரத்துக்குப் பின்னால்தான். கறுப்புக் கண்ணாடிப் பையன் வந்து அண்ணனிடம், “வண்டி யாருது?” என்று கேட்டான்.

“ஒங்கள ஜெயிச்சவளுது!” என்று அண்ணன் தொண்டை கிழியக் கத்தினான். கத்தியதில் இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே கை தட்டினான். கோப்பையை நான் உயர்த்தியபோது, அந்தக் கூட்டத்தில் அதிகமாகச் சத்தம் போட்டவன் அவன்தான்.

திரும்பவும் கேட்டால் திரும்பவும் இதைத்தான் எடுப்பேனா? எடுப்பேன். அந்த மலையுச்சியில் நின்ற என்னை வேறு எதற்காகவும் திருப்பிக் கொடுக்கமாட்டேன். இதை ஒப்புக்கொள்வதுதான் பிரேக்கில் காலை வைத்ததை ஒப்புக்கொள்வதை விடக் கடினமாக இருக்கிறது.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது.

குமார் அந்த வெள்ளைக் காரை அண்ணன் நிற்கும் அதே ஸ்டாண்டில்தான் ஓட்டுகிறார். அண்ணன் நல்லவன், அவரிடம் போய், கியர்பொக்ஸ் போகப்போகிறது, கவனம் என்று முதல் நாளே எச்சரித்திருக்கிறான். கார் போகவில்லை. ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது! ஸ்டாண்டில் அண்ணனைக் கேலி செய்ய அது போதாதா?

“டேய் சேகரு, ஒன் தங்கச்சி சொன்ன கியர்பொக்ஸ் எப்படா விழும்? சாக்கு விரிச்சு வச்சுக்கிட்டுக் காத்துக்கெடக்கோம்!”

“சிரிங்கடா. அவ சொன்னா சொன்னதுதான்” என்பானாம்.

இதை அவனே வீட்டில் வந்து சிரித்துக்கொண்டு சொல்வான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன்.

கோப்பைக்குப் பிறகு கேலி நின்றுவிட்டது. மலை ஏறுவதைப் பற்றி இவளுக்குத் தெரியாததா என்று ஸ்டாண்டே பேசத் தொடங்கிவிட்டது. பௌர்ணமிக்கு விடும் போயா விடுமுறை நாள் ஒன்றில் குமார் வெள்ளைக் காரோடு எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

“மிஸ், இம்புட்டு நாளு நானும் சேந்து சிரிச்சேன். இப்ப வளைவுல ஏறுறப்பல்லாம் பயமா கெடக்கு. நகைய வச்சாவது கியர்பொக்ஸ மாத்திறட்டா?”

பார்த்தீர்களா, என் வெற்றி எங்கே போய் நின்றதென்று!

அவரையும் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு கோயில் ஏத்தத்தில் ஓட்டினேன். இடது காலை இருக்கையோடு ஒட்டி மடக்கி வைத்துக்கொண்டேன். வண்டி அன்று முதல் வளைவில் ஏறியது போலவே கடைசி வரை ஏறியது. மேலே இறங்கி மூவரும் முகர்ந்து பார்த்தோம். ஈர மண் மணமும் கற்பூர மணமும்தான் வந்தன.

“ஒன்னும் மாத்த வேணாம். நல்லா இருக்கு. தைரியமா ஓட்டுங்க” என்றேன்.

குமார் கையெடுத்துக் கும்பிட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். “அப்ப அன்னைக்கு?”

இதுதான் இடம். இங்கே சொல்லியிருக்க வேண்டும். நான் வாயைத் திறந்தேன் என்று சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அவன் கண்ணைச் சுருக்கி யோசித்தான். பிறகு அவன் முகம் தெளிந்தது.

“ஆ! நானா மாத்திட்டுத்தான் வித்துருக்காரு. நல்ல மனுசன்ல அவரு, கெட்ட வண்டிய அடுத்தவன் தலைல கட்டுவாரா? நீ சொன்னத கேட்டு மாத்திருப்பாரு. அப்புடித்தானே புள்ள?”

“அப்படித்தான் இருக்கும்ணே.”

குமாரிடம் திரும்பி, “கேட்டீங்களா? இனிமே ஸ்டாண்டுல எவனாச்சும் சிரிச்சா நீங்கதான் சாட்சி” என்றான். அவ்வளவு நிம்மதி அவன் குரலில்.

முதல் பொய்யை நான் ஆசைக்காகச் சொன்னேன். இதை எதற்காகச் சொன்னேன்? அவன் நிம்மதிக்காக என்று எழுதினால் அழகாக இருக்கும்... என் பெயருக்காகவும்தான். அவன் இன்னும் ஆட்டோதான் ஓட்டுகிறான். இன்னும் நனைகிறான்.

மன்னிப்பை உங்களிடம் கேட்கவில்லை. அது உங்கள் கையில் இல்லை. அது யார் கையில் இருக்கிறதோ, அவனுக்கு மன்னிக்க ஏதோ இருக்கிறது என்பதே தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை வானம் வெளித்திருந்தது. கூரையை மடித்துவிட்டு, அண்ணனை ஏற்றிக்கொண்டு பட்டிப்பொல வரை போனேன். வழி முழுக்க வெயில். குளிர்காற்று முகத்தில் அறைந்தது. எனக்கு அப்படி ஒரு ஆனந்தம்! அவன் துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு சத்தமாகப் பாடிக்கொண்டு வந்தான்.

“இன்னும் மிதி புள்ள! நீ ஓட்டுனா நான் கண்ண மூடிக்கிட்டு உக்காந்துருப்பேன்.”

நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டான். சிரித்தபடி.

நான் மிதித்தேன்.